சேர் ஜேயும் வராத புயலும்

மாணவர் சேர்க்கைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒரு விளக்கம். நான் ஓய்வு பெற்றவன் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை, எங்கள் பிரிவுக்குத்தான் வந்தது. ஆக்லாந்தின் ஆல்பனி பகுதியில் ஒரு தனியார் கல்லூரியின் இரண்டாம் மாடியில் வெளிநாட்டு மாணவர் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு மறுசீரமைப்புக் கூட்டத்துக்குப் பிறகு அது இல்லை. என்னோடு சேர்ந்து ஒரு நல்ல காப்பி இயந்திரமும் வெளியேறியது. அதற்கு மட்டும் உடனே வேறு வேலை கிடைத்துவிட்டது. இப்போது நான் அதே நகரத்தில் விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில், எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறவேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெட்டிகள் நல்லவை. 'யெஸ் சேர்' என்று சொல்லிவிட்டு மனதில் வேறொன்றை நினைப்பதில்லை. அவற்றை வழியனுப்ப யாரும் விமான நிலையம் வரை வந்து அழுவதுமில்லை.

விசா விதிகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் அவை மாறிவிடும். எனக்கு நன்றாகத் தெரிந்தது பதறுவதுதான். அதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. பதற்றத்தின் நடுவில் எப்படி ஒரு முடிவை எடுப்பது, எடுத்த முடிவோடு பிறகு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதைப் பற்றிச் சிலது சொல்கிறேன்.

எங்கள் கல்லூரிக்குப் பிலிப்பைன்ஸில் ஒரு கூட்டாளிக் கல்லூரி இருந்தது. தலைநகரில் அல்ல, விசாயா தீவுகளில் ஒன்றில், கடலோரமாக ஒரு மாகாண நகரத்தில். கன்னியாஸ்திரிகள் நடத்தும் கல்லூரி ஒன்று, அதற்கு எதிரே மிஷனரிமார் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்று, அரசாங்கத்தது ஒன்று, கப்பல் வேலைக்குப் பழக்குவது ஒன்று என்று அந்த நகரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கல்லூரி வாசலில்தான் விழவேண்டும். காலையில் தெருமுனையில் நின்றால், தாதியர் மாணவிகள் வெள்ளைச் சீருடையிலும் மாலுமி மாணவர்கள் தொப்பியோடும் மூன்று சக்கர வண்டிகளில் நெருக்கிக்கொண்டு போவார்கள். இந்தப் படிப்பெல்லாம் ஊரைவிட்டுப் போவதற்கான படிப்பு. தன் பிள்ளைகளை அனுப்பிவைப்பதையே ஒரு நகரம் தொழிலாக வைத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் கூட்டாளி இவை எல்லாவற்றிலும் சிறியது. ஒரு குடும்பத்தின் சொத்து. கீழே மருந்துக்கடை, மேலே தகரக் கூரை போட்ட இரண்டு மாடிக் கல்லூரி. முதியோர் பராமரிப்புப் படிப்பை அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு, கடைசி வருடத்துக்கு ஆக்லாந்து வரலாம் என்பது எங்களுக்கும் அவர்களுக்கும் இருந்த ஒப்பந்தம்.

அந்த நகரத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது அரசாங்கப் பரீட்சையில் தேறினால், அவர் முகத்தை ஆள் உயரத் தார்ப்பாயில் அச்சடித்துக் கல்லூரி வாசலில் தொங்கவிடுவார்கள். வீட்டு வேலியிலும் ஒன்று தொங்கும். அடுத்த பரீட்சை வரும்வரை அந்தப் பிள்ளை வெயிலிலும் மழையிலும் சிரித்துக்கொண்டிருக்கும். படங்களைப் பார்த்துவிட்டு என்னோடு வேலை செய்த கார்த்திக் சொன்னான்: "இது நம்ம ஊர் பிளெக்ஸ் பேனர்தான் அண்ணா. என்ன, இங்க படிச்சவன் மூஞ்சிய வைக்கிறாங்க." அவன் திருச்சிக்காரன். நேர்மையான பையன், வாயும் நேர்மையானது.

நான் முதல் தடவை அங்கே போய் இறங்கியபோது, கல்லூரி வாசலில் என் முகம் தொங்கியது. அலுவலக அடையாள அட்டையில் இருந்த படத்தை எடுத்துப் பெருப்பித்திருந்தார்கள். அட்டையிலேயே நான் எதையோ திருடிவிட்டுப் பிடிபட்டவன்போல இருப்பேன். அது கதவளவு பெரிதாக இருந்தது. சுற்றிவரப் பூக்கள். எங்கள் ஊரில் ஒருவன் படத்தை இவ்வளவு பெரிதாகப் பூப்போட்டு வைத்தால், மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருக்கும். உடனே மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"மெர்சி, நான் உயிரோடைதான் இருக்கிறன்."

"ஓம். ஆர் இல்லையெண்டு சொன்னது?" என்றாள். "வெயிலுக்கை நிக்காமல் தண்ணி குடியுங்கோ."

கல்லூரியின் டீன் வாசலுக்கு வந்து வரவேற்றார். சின்ன உருவம், கையில் எப்போதும் ஒரு பனையோலை விசிறி. அங்கே பெயருக்கு முன்னால் 'சேர்' என்றும் 'மேம்' என்றும் போட்டுத்தான் கூப்பிடுவார்கள். ஜெயசீலன் என்ற பெயர் அவர்கள் வாயில் பாதியாக உடைந்து, நான் சேர் ஜே ஆனேன். இங்கிலாந்து அரண்மனை எனக்குத் தராத பட்டத்தை அந்த நகரம் தந்தது. பட்டம் பெற்றவன் செய்த முதல் காரியம் சாப்பாட்டை ஆறவிட்டதுதான்.

நீண்ட மேசையில் நூடுல்ஸும் பொரித்த மீனும் ஆவி பறக்க இருந்தன. ஜெபம் முடிந்தது. டீன் தொடங்கட்டும் என்று நான் கைகட்டி இருந்தேன். வீட்டுக்காரர் தொடங்கமுதல் கைவைப்பது எங்கள் வளர்ப்பில் இல்லை. விருந்தாளி தொடங்கட்டும் என்று டீன் விசிறிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு அதையே மறுபடியும் கதைத்தோம். ஆசிரியர்கள் பன்னிரண்டு பேரும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், பரிமாறிக்கொண்டிருந்த ஒரு மாணவி என் பக்கம் குனிந்து கரண்டியை என் கையில் வைத்தாள். "சேர், நீங்கள் தொடங்காவிட்டால் இங்கே யாருக்கும் சாப்பாடு இல்லை" என்றாள் மெதுவாக.

அவள் பெயர் மரிசெல். மற்றவர்களைவிட வயது கூட. தாய்க்குச் சுகமில்லாமல் போனதால் படிப்பை இரண்டு தடவை விட்டுவிட்டு மறுபடி வந்தவள். மாலையில் கீழே மருந்துக்கடையில் வேலை. வீடு மலைப்பக்கம், ஓர் ஆற்றைத் தாண்டி ஜீப் பிடித்து வரவேண்டும்.

"ஆக்லாந்தில் குளிர் எப்படி, சேர்?"

"குளிரைத் தாங்கலாம். வாடகைதான் தாங்காது."

அவள் சிரிக்கவில்லை. "நான் இரண்டு வேலை செய்வேன்" என்றாள்.

அந்தக் கரண்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இடையில் இன்னொன்று. முதல் குழு ஆக்லாந்துக்கு வந்து இறங்கிய அன்று, கல்லூரி பெயரெழுதிய அட்டையோடு விமான நிலையத்தில் நின்றேன். ஒரு பிள்ளையின் பெட்டிக்குள் தாய் வைத்து அனுப்பிய கருவாடு இருந்ததாம். அவளோ விமானத்தில் தந்த படிவத்தில் அதை ஒழுங்காகக் குறிப்பிட்டிருந்தாள். அதிகாரி வெளியே வந்து, இந்தப் பிள்ளையை அழைத்துப்போக வந்திருப்பவர் யார் என்று மட்டும்தான் கேட்டார். நான் உடனே "அந்தக் கருவாடு என்னுடையது" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு சின்ன அறையில், இன்னும் என் கைக்கே வராத கருவாட்டைப் பற்றி நான் வெகுநேரம் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளை எப்போதோ வெளியே வந்து, எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பதற்றம் வந்தால் மனிதன் தனக்குச் சம்பந்தமில்லாததற்கெல்லாம் பொறுப்பேற்பான். தன்னுடைய பொறுப்பு வரும்போது வேறு யாராவது எடுக்கட்டும் என்று சுற்றிவரப் பார்ப்பான். முதலாவது சிரிப்புக்கு உரியது. இரண்டாவது அப்படியல்ல.

இனி அந்த நாள்.

அது ஒரு டிசம்பர் மாதம். அடுத்த குழுவுக்கான நேர்முகம் இணையம் வழியாக நடக்கவிருந்தது. பிள்ளைகளின் வீடுகளில் இணையம் நிற்காது. அதனால் எல்லாரும் கல்லூரி மண்டபத்துக்கு வந்து, டீன் ஒவ்வொருவராக ஆளை உறுதிப்படுத்த, நாங்கள் ஆல்பனியில் இருந்து கேள்வி கேட்பது என்று ஏற்பாடு. அன்றே முடிக்கவேண்டும். முடியாவிட்டால் அந்த இடங்கள் வேறொரு நாட்டுக் குழுவுக்குப் போய்விடும் என்று எங்கள் மேலாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தில் டீனும் ஒன்று சொல்லியிருந்தார்: இந்த வருடம் யாரும் வெளிநாடு போகாவிட்டால், சொந்தக்காரக் குடும்பம் அந்தப் படிப்பையே மூடிவிடும். மரிசெல்லுக்கு அங்கே அதுதான் கடைசி வருடம்.

முதல் நாள் மாலையே புயல் செய்தி வந்துவிட்டது. அங்கே எச்சரிக்கைக்கு எண் உண்டு. ஒன்று என்றால் மழலைகளுக்கு விடுமுறை. இரண்டு என்றால் பள்ளிக்கூடங்கள் மூடும். மூன்று வந்தால்தான் கல்லூரிகள் தாமாக மூடும். இரண்டில் நிற்கும்போது, கல்லூரித் தலைமை தன் புத்திப்படி செய்துகொள்ளலாம். அன்று எண் இரண்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் நான் கும்பிடும் மாதாவுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். மூன்றாக்கித் தா என்று அவ்வளவு தடவை கேட்டேன்.

எங்களுக்குக் காலைக் காப்பி நேரம் என்றால் அங்கே இன்னும் விடியவில்லை. ஆனால் மலைப்பக்கப் பிள்ளைகள் இருட்டோடு புறப்படுகிறவர்கள். நிறுத்துவதென்றால் அவர்கள் ஆற்றுக்கு வருமுன் நிறுத்தவேண்டும். டீனுக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். கல்லூரியிலேயே படுத்திருந்தாராம்.

"காலை வணக்கம், சேர் ஜே. நாங்கள் தயார்."

"காற்று எப்படி, மேம்?"

"கொஞ்சம் இருக்கிறது, சேர்."

அந்தக் 'கொஞ்சம்' பின்னால் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"உங்களுக்குச் சிரமமென்றால்..." என்று இழுத்தேன்.

"எங்களுக்கு என்ன சிரமம், சேர். நீங்கள் எப்படி நினைக்கிறீர்களோ, அப்படி."

"இல்லை, உங்கள் ஊர், உங்களுக்குத்தானே தெரியும்."

"நீங்கள் எங்கள் விருந்தாளி, சேர். நாங்கள் பிரார்த்தித்துக்கொண்டிருக்கிறோம்."

போனை வைத்தேன். கார்த்திக்கிடம் "பிரச்சினை இல்லையாம்" என்றேன். பிறகு அலுவலகத்தில் இருந்த இஞ்சி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தேன். அது பிரிவு முழுவதற்குமானது. சிறிது நேரத்தில் எனக்கு மட்டுமானதாகிவிட்டது.

மேலாளரிடம் போனேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்மணி, மோசமானவர் அல்ல. நேர்முகத்தை இரண்டு நாள் தள்ள முடியுமா என்று கேட்டேன். முடியாது, காரணமும் உனக்குத் தெரியும் என்றார். பிறகு அன்பாகத் தலையைச் சாய்த்து, "நடத்துவதும் நிறுத்துவதும் உன் முடிவு, ஜே" என்றார். இந்த நாட்டில் மேலதிகாரி 'உன் முடிவு' என்று சொன்னால், அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழியின் உறையில் உங்கள் பெயரை எழுதிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி டீனுக்கு எடுத்தேன். மறுபடி அதே சங்கீதம். நீங்கள் எப்படி நினைக்கிறீர்களோ. இல்லை, நீங்கள் எப்படி. பின்னணியில் தகரம் தாளம் போட்டது.

"அண்ணா, பக்கத்துல இருக்கிறவங்கள மட்டும் இன்னைக்கு இன்டர்வியூ பண்ணிடலாமே" என்றான் கார்த்திக். "தூரத்துல இருக்கிறவங்கள வரவேண்டாம்னு சொல்லிடலாம்."

நல்ல யோசனை என்று அரை நிமிடம் நினைத்தேன். பிறகு யோசித்தேன். இடங்களைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்தால், தூரத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு மடங்கு வேகமாக வருவார்கள். மரிசெல் அந்த ஆற்றில் நீந்தியே வருவாள்.

"அப்போ அந்த மேம் கிட்ட நேரா கேட்டுடுங்க. யெஸ் ஆர் நோ."

"அப்பிடிக் கேக்கேலாது தம்பி. அவ மனம் சங்கடப்படும்."

"ஆத்துல போறதுக்கு சங்கடம் பரவாயில்லண்ணா."

அந்த நேரம் மெர்சி போன் எடுத்தாள். அவள் ஒனிஹங்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. அவளோடு வேலை செய்பவர்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ் பிள்ளைகள். வீட்டைவிட்டு வரும்போதே நான் பேய் பிடித்தவன் மாதிரி இருந்தது அவளுக்குத் தெரியும்.

"என்னப்பா, நிப்பாட்டியாச்சோ?"

"டீன் ஒண்டும் சொல்லுறா இல்லை. அவ நிப்பாட்டட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். அவவின்ரை ஊர்."

"இஞ்சை எங்கட பிள்ளையளிட்டைக் கேட்டனான். அந்த ஊர்ப் பிள்ளை ஒண்டும் நிக்குது. வெளிநாட்டு ஆள் வந்து காத்துக்கொண்டிருக்கேக்கை அவை ஒருநாளும் நிப்பாட்டாயினமாம். வெக்கமாம். கூரை பறந்தாலும் கதிரையைத் துடைச்சு வைச்சிட்டு நிப்பினமாம்."

நான் கடைசி பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன்.

"விருந்தாளி எழும்பாமல் வீட்டுக்காரர் கொட்டாவி விடுவினமே? உங்கட அம்மா விட்டவவே?" என்றாள். "நீங்கள் எழும்புங்கோ, அப்பா."

கரண்டி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. மீன் ஆறிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் டீனும் காலநிலை கதைத்துக்கொண்டிருந்தோம். அன்று ஆறியது மீன். இன்று ஆற்றங்கரையில் நின்றவர்கள் பிள்ளைகள்.

போனை எடுத்தேன். அவசரத்தில் முதல் தடவை கார்த்திக்குக்கே அழைப்புப் போய்விட்டது. அவன் பக்கத்து மேசையில் இருந்து மரியாதையாக "ஹலோ" என்றான்.

"மேம்," என்றேன், டீன் எடுத்ததும். "நான் நேர்முகத்தை நிறுத்துகிறேன். கல்லூரி நிறுத்தவில்லை. நான் நிறுத்துகிறேன். பிள்ளைகளைத் திரும்பிப் போகச் சொல்லுங்கள்."

அந்தப் பக்கத்தில் ஒரு நீண்ட மூச்சு. பிறகு, "நன்றி, சேர் ஜே" என்றார். போனை வைக்கமுதலே, போனில் பிள்ளைகளுக்கென்று இருந்த செய்திக் குழுவுக்கு அவர் தகவல் அனுப்பிவிட்டார் என்று கார்த்திக் காட்டினான். நாங்கள் இருவரும் அந்தக் குழுவில் இருந்தோம். நீளமான செய்தி, ஆங்கிலத்திலும் அவர்கள் மொழியிலும். அப்போது தட்டச்சு செய்திருக்க முடியாது. முதல் அழைப்புக்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டு, நான் எழும்பும்வரை அந்த மனுசி காத்திருந்திருக்கிறார்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால், நான் உங்களுக்கு இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன்.

புயல் வரவில்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் வடக்கே திரும்பி, ஆளில்லாக் கடலுக்கு மேலாகப் போய்விட்டது. மரிசெல் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மலையில் செய்தி போய்ச் சேரமுதலே அவள் ஆற்றைத் தாண்டிவிட்டாள். கல்லூரி வாசலில் ஏழெட்டுப் பேர், கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையில், கண் கூசும் வெயிலில் நிற்கிறார்கள். பின்னால் சுவரோரம் ஒரு பெரிய சுருள் சாய்ந்து நிற்கிறது. 'நாங்கள் வந்துவிட்டோம், சேர். இப்போது நடத்தலாமா?' என்று கேட்டிருந்தாள்.

மேலாளரிடம் ஓடினேன். அவர் கணினியைப் பார்த்தபடியே, நான் நிறுத்திய செய்தி வந்ததுமே இடங்களை மற்றக் குழுவுக்குக் கொடுத்தாயிற்று என்றார். அவர்களுக்கு உறுதிக் கடிதங்களும் போய்விட்டன. பிறகு ஜன்னலைப் பார்த்து, குத்தல் எதுவும் இல்லாமல், வெறும் தகவலாகச் சொன்னார்: "அங்கே நல்ல வெயிலாமே."

மரிசெல்லுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பகிடி விட்டுப் பிழைப்பவன் நான். ஒரு பகிடியும் வரவில்லை. நடந்ததை அப்படியே எழுதினேன். 'பரவாயில்லை, சேர்' என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு சிரித்த முகம். திட்டியிருந்தால் நான் அன்று சாப்பிட்டிருப்பேன்.

அந்தச் சுருள் என்னவென்று பிறகுதான் தெரிந்தது. தெரிவானவர்களை வாழ்த்தும் தார்ப்பாயை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். எல்லாருடைய முகமும் அதில். நடுவில், அடையாள அட்டையில் இருந்து எடுத்த என் முகம். அது தொங்கவேயில்லை. வருட முடிவில் சொந்தக்காரக் குடும்பம் அந்தப் படிப்பை மூடி, கட்டடத்தை உயர்நிலைப் பள்ளியாக மாற்றியது. டீன் அதற்குத் தலைமை ஆசிரியை ஆனார், குறைந்த சம்பளத்தில். மரிசெல் குவைத்தில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளப் போனாள். படித்த வேலைதான். பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்துக்குக் கீழே எழுதியிருந்தாள். அதற்கும் 'பரவாயில்லை, சேர்'. அடுத்த கிறிஸ்மஸுக்கு வாழ்த்து வரவில்லை. நான் அனுப்பியதை யாரும் பார்க்கவுமில்லை.

தம்பி தங்கைகளே, நான் பிழை செய்தேன் என்று சொல்ல வரவில்லை. சொல்ல முடிந்தால் லேசாக இருக்கும், பிழைக்கு மன்னிப்பாவது கேட்கலாம். அதே எண்ணும் அதே தகரச் சத்தமும் நாளைக்கு வந்தால் மறுபடியும் நிறுத்துவேன். இன்னும் முன்னதாக, முதல் அழைப்பிலேயே நிறுத்துவேன். ஆனால் நான் செய்தது சரி என்று உலகம் ஒத்துக்கொள்வதற்கு, அந்தப் புயல் அந்த நகரத்தில் அடித்திருக்க வேண்டும். பிறகு வந்த மாதங்களில், அலுவலகத்தில் யாராவது வெயிலைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம், அது அடித்திருக்கலாமே என்று எனக்குள் ஒருவன் நினைத்தான். அந்த ஏழெட்டு வெள்ளைச் சீருடைகள் மேல் அடித்திருக்கலாமே என்று. இந்தத் தொழிலில் நான் கண்ட மிக மோசமான ஆள் அவன்தான். நீங்கள் சரியான முடிவு எடுத்து அது வீணாய்ப் போகும் நாளில் அவன் உங்களுக்குள்ளும் வருவான். அவன் உட்காரக் கதிரை போடாதீர்கள்.

மறுசீரமைப்புக் கூட்டத்தில் என் பிரிவின் பலவீனங்களை வாசித்தார்கள். அந்த வருடத்தின் நிரம்பாத குழுவும் அதில் வந்தது. காரணம் என்ற இடத்தில் 'காலநிலை' என்று இருந்தது. கார்த்திக் என் காதுக்குள், "அண்ணா, உங்களத்தான் காலநிலைன்னு போட்டிருக்காங்க" என்றான். அந்தக் கூட்டத்தில் சிரித்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான்.

சென்ற வருடம், கிடங்கில் மதியச் சாப்பாட்டு நேரம், டீனிடம் இருந்து ஒரு படம் வந்தது. இப்போது டீன் அல்ல, ஆனால் எனக்கு வேறு பெயர் வராது. அங்கே இன்னொரு புயல். எண் ஒன்றில் நிற்கும்போதே, மாணவர்கள் எல்லாரையும் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார், யாரையும் கேட்கவில்லை. இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரு நாள் சம்பளம் போனதாம். அவர்கள் இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். இந்தத் தடவை வரும் என்று சொன்ன புயல் வந்தது. மேல் மாடித் தகரத்தில் பாதியைக் கொண்டுபோனது. புதுத் தகரம் வரும்வரை வகுப்பை நடத்தவேண்டுமே. பழைய சாமான் அறையில் ஒரு சுருள் இருந்திருக்கிறது.

படத்தில் கூரைக்குப் பதிலாக நாங்கள் இருந்தோம். தார்ப்பாயை முகங்கள் உள்ளே தெரியும்படி கட்டியிருந்தார்கள். இடப்பக்க மூலையில் மரிசெல், தலைகீழாக, சிரித்துக்கொண்டு. நடுவில் கதவளவு நான், பிடிபட்ட முழியோடு. என் கன்னத்தில் மழைத்தண்ணீர் தேங்கித் தொப்பையாகத் தொங்கியது.

உடனே போன் எடுத்தேன். மழைச் சத்தத்தில் அவர் கத்திக் கதைக்க வேண்டியிருந்தது.

"மரிசெல்லிடம் இருந்து ஏதாவது?" என்றேன்.

"இல்லை, சேர்." பிறகு சொன்னார்: "பிள்ளைகள் மேலே பார்த்து, யார் இந்த ஆள் என்று கேட்கிறார்கள்."

"என்ன சொன்னீர்கள்?"

"புயலுக்குப் பயந்த ஒருவர் என்று சொன்னேன், சேர் ஜே. சிரித்தார்கள். பிறகு எல்லாரும் கதிரைகளை உங்களுக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மற்றப் பக்கம் ஒழுகுகிறது."